அப்பாவுக்கு நான் செய்த வாவி

மகன்,

இதை வேலைத்தலத்தில் இருந்துகொண்டு திறந்திருந்தால் மூடி வை. அறைக்குப் போய், சாப்பிட்டு முடித்து, தனியே இருக்கும்போது வாசி. என் கடிதம் வந்தால் கூட்டாளிமாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாய் என்று எனக்குத் தெரியும். கட்டாரில் என் பகிடிக்குச் சிரிக்க ஒரு அறையே இருக்கிறது என்பது எனக்கு ஒரு திமிர்தான். ஆனால் இதைப் படித்துக் காட்டாதே. அடுத்த மாதம் உன் கலியாணம். நீ விமானத்தால் இறங்கி நேரே வீட்டுக்கு வந்து, அப்பாவைக் கண்டவுடன் உன் முகம் எப்படிப் போகும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். அந்த முகத்தை அவர் பார்க்கக்கூடாது. அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். போன் என்றால் எனக்கு வாய் தானாகவே பகிடிக்குத் திரும்பிவிடும், உனக்குத் தெரியாததா.

அப்பாவின் வலது கை வரவில்லை. லேசான வாதம், மருந்து குடிக்கிறார், தேறி வருகிறார் என்று உனக்குச் சொன்னதில் மருந்து குடிக்கிறார் என்பது மட்டும் உண்மை. கால் இழுத்து இழுத்து நடக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு கஞ்சி மாதிரிக் குழைந்து வருகிறது. வலது கை ஆருடையதோ ஒரு பொதியைக் காவல் பார்ப்பதற்காக மடியில் வைத்திருப்பதுபோல் கிடக்கிறது. வீடியோவில் அவருடைய இடப்பக்கத்தை மட்டுமே காட்டி, அவருக்கும் சேர்த்து நானே கதைத்து வந்தேன். நீ ஒருநாள், "அப்பா ஏன் எப்பவும் ஜன்னலப் பாத்துக்கொண்டே இரிக்கார்?" என்று கேட்டாய். "அங்கால வீட்டுக்குப் புதுசா குடிவந்த பொம்பிள வடிவு" என்றேன். நீ சிரித்தாய். அவரும் சிரித்தார், பாதி வாயால்.

உன்னிடம் சொல்லவேண்டாம் என்றது அவர். "அவன் வேலய விட்டுட்டு வந்திருவான். வந்து என்ன செய்யப் போறான், என்ட கையப் பிடிச்சிக்கொண்டு இரிக்கப் போறானா?" என்று குழறினார். அவருக்கு ஒரேயொரு கணக்குத்தான் இருந்தது. உன் கலியாணத்துக்கு முன்னம் கை வந்துவிடும், மணவறையில் இரண்டு கையாலும் அறுகரிசி அள்ளி, உன் முழங்காலிலும் தோளிலும் தலையிலும் போட்டு ஆசீர்வதிப்பார், நீ ஒன்றும் அறியாமலே போய்விடுவாய். ஊருக்கு முன்னால் ஒரு தகப்பன் செய்யவேண்டியது அதுதானே. மற்றதெல்லாம் ஐயரும் வீடியோக்காரனும் பார்த்துக்கொள்வார்கள்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற மிஸ் ஒரு ரப்பர் பந்தைத் தந்து, முதல் மாதங்களில் கை அசைந்தால்தான் உண்டு, அசையாவிட்டால் அப்படியே இறுகிப் போகும் என்றாள். அப்பா அந்தப் பந்தைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். ஆரையம்பதி வாவிக் கரையில் முப்பது வருசம் வீச்சுவலை எறிந்த மனிசனின் கையில் நாய்க்குட்டிக்குப் போடுகிற சாமான். "நான் என்ன பால்குடிப் புள்ளயா?" என்றார். பந்து கட்டிலுக்கு அடியில் போனது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடியும் போனது. கடைசியில் அடுத்த வீட்டுப் பூனைதான் அதை வைத்துக் கைப்பயிற்சி எடுத்தது.

அப்போதுதான் எனக்கு, கம்பியூட்டர் விளையாட்டுச் செய்வதற்கு நீ வைத்திருந்த அந்த எஞ்சின் ஞாபகம் வந்தது. வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிற காலத்தில் நீ லீவுக்கு வந்து, என் கடைக் கம்பியூட்டரில் அதை இறக்கி, "அம்மா, இத உலகத்துல ஆரோ செஞ்சி சும்மா குடுக்கிறாங்க. உள்ளுக்க எப்பிடிச் செஞ்சதெண்டும் திறந்து பாக்கலாம், மாத்தலாம், காசில்ல" என்று துள்ளினாயே. நான் அன்றைக்குச் சந்தேகப்பட்டேன். நம் ஊரில் சும்மா கொடுக்கிறவர்களுக்குப் பின்னால் ஒரு போட்டோக்காரன் வருவான், ஒரு பெயர்ப்பலகை வரும். இதில் ஒன்றும் வரவில்லை. நான் போட்டோக்கொப்பிக் கடைக்காரி. ஊராரின் அடையாள அட்டை, பிறப்பத்தாட்சி, விவாகரத்துக் கடுதாசி எல்லாம் என் மெசின் கண்ணாடியில் குப்புறப் படுத்துவிட்டுத்தான் போகும். தமிழில் தட்டச்சுவேன், படிவம் அடிப்பேன். ஒரு விளையாட்டா செய்ய முடியாது என்ற மிதப்பு. கையை ஆட்டினால் வலை விழுகிற மாதிரி ஒரு விளையாட்டு. பந்தைப் பிடிக்காத மனிசன் வலையைப் பிடிப்பார்தானே.

உன்னிடம் அங்குமிங்குமாக நான் சந்தேகம் கேட்டது அதற்குத்தான். "அம்மாக்கு வயசு போற நேரத்துல கேம் பைத்தியம்" என்று நீ கட்டப்போகிற தர்ஷினிக்குச் சொல்லிச் சிரித்ததும் எனக்கு வந்து சேர்ந்தது. களுவாஞ்சிக்குடியில் உன் மாமியார் வீட்டில் தும்மினால் ஆரையம்பதியில் நான் மூக்குத் துடைப்பேன்.

மத்தியானம் கடையில் ஆள் குறைகிற நேரத்தில்தான் தொடங்கினேன். தமிழ்நாட்டுப் பொடியன் ஒருவன் வீடியோவில் சொல்லித் தருகிறான். "ரொம்ப சிம்பிள்" என்று அவன் சொல்கிற இடமெல்லாம் நான் அரைநாள் கிடந்தேன். முதலில் ஒரு தோணி படம் வரைந்தேன், அதற்குக் கீழே நீலமாகத் தண்ணீர். ஓட்டிப் பார்த்தேன். தோணி நேரே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கீழே போய் மறைந்தது. திரும்ப ஓட்டினேன், திரும்பவும் போனது. நான் தோணிக்கு உடம்பு கொடுத்திருக்கிறேன், பாரம் கொடுத்திருக்கிறேன், தண்ணீருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நம் கண்ணுக்குத்தான் அது தண்ணீர், எஞ்சினுக்கு அது வெறும் நீலம். தாங்குகிறதுக்கும் ஒரு உடம்பு வேண்டும் என்று அந்தப் பொடியன் சொன்னான். அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாவைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டு போகும்போது என் இடுப்பில் பிடித்த நாரிப்பிடிப்பு அதே பாடத்தை எனக்கு இன்னொரு தரம் எடுத்தது.

பிறகு மீனை மேலே கொண்டுவரப் பார்த்தேன். உயரத்துக்கான எண்ணைக் கூட்டக் கூட்ட மீன் சேற்றுக்குள் போகிறது. இந்த எஞ்சினில் மேலே போவதென்றால் எண்ணைக் குறைக்க வேண்டுமாம். தலைகீழான உலகம். அதைவிட மோசம் அதன் குடும்ப முறை. எல்லாம் ஒரு மரம் மாதிரி, ஒன்றுக்குக் கீழே ஒன்று தொங்கும். மேலே இருப்பது பெற்றோர், கீழே இருப்பது பிள்ளை. பெற்றோரை நகர்த்தினால் பிள்ளை கூடவே போகும், பெற்றோரை அழித்தால் பிள்ளையும் அழியும். இதை எழுதினவன் மட்டக்களப்புப் பக்கம் வந்தே இருக்கமாட்டான். இங்கே ஆம்பிளைப் பிள்ளையை வளர்த்து, கலியாணம் முடித்து, பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பெற்றோர் இருந்த இடத்திலேயே தொங்கிக்கொண்டிருப்பார்கள். நீயும் களுவாஞ்சிக்குடிக்குத்தான் போகப்போகிறாய். போ. நன்றாய் இரு. அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பென்று முதல் நாளே சொல்லிவிடாதே. உன் அப்பா இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கே சொன்னார். என் அம்மா சாகும்வரைக்கும் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது, "உப்புத் தண்ணிதான் மருமகன், பொறுத்துக் குடிங்க" என்றுதான் கொடுத்தா.

இதற்கிடையில் கதை ஊரில் பரவிவிட்டது. ஆரோ அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்தவள் என் திரையைப் பார்த்துவிட்டாள். அடுத்த நாள் உன் மாமி, அப்பாவின் தங்கச்சி, குடையோடு வந்து கடை வாசலில் நின்றாள்.

"ஊரெல்லாம் கதைக்கிறாங்க மச்சாள். புருசன் கட்டில்ல கிடக்கக்குள்ள நீங்க கம்பியூட்டர்ல கேம் விளையாடுறீங்களாம்."

"விளையாடல்ல மச்சாள். செய்யிறன்."

"அது இன்னும் மோசம்" என்றாள்.

ஒருமாதிரிச் செய்து முடித்தேன். கம்பியூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மவுஸை வலது கைக்குள் வைத்து, பழைய சீலைத் துண்டால் மெதுவாகச் சுற்றிக் கட்டினேன். கையை இடமிருந்து வலமாக வீசினால் திரையில் வலை விரிந்து விழும், உள்ளே மணலை மீனோ திரளி மீனோ இருக்கும். முதல்நாள் அவர் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தோள் அசைந்தது. வலை விழுந்தது. மூன்று மணலை. இன்னொரு தரம். இரண்டு திரளி. நான் குசினிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். வெங்காயம் உரிக்கவில்லை, ஆனால் கேட்டால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நாலைந்து நாளில் கையைத் தள்ளிவிட்டார். கட்டப் போனால் முகத்தைத் திருப்பினார். "என்னங்க, நோகுதா?" என்றேன். இல்லையென்று தலையாட்டினார். "மறுகா என்ன?" என்றேன். வெகுநேரம் வாயைக் கூட்டிக் கூட்டி ஒரே சொல் சொன்னார்.

"பொய்."

விளங்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம் அவரோடு தொழில் செய்கிற கனகசிங்கம் மாமா வழக்கம்போலப் பார்க்க வந்தார். அவருக்கு விளையாட்டைக் காட்டினேன், ஒரு பாராட்டுக்கு ஆசைப்பட்டுத்தான். அவர் இரண்டு விரலால் மவுஸைப் பிடித்து எறிந்தார். மீன். எறிந்தார். மீன். எறிந்தார். மீன்.

"இது எங்க இரிக்கிற ஆறு மச்சாள்? சொல்லுங்க, நானும் தோணியக் கொண்டு போறன்" என்றார். அப்பா பக்கம் திரும்பி, "மச்சான், எறியிற எறிக்கெல்லாம் மீன் வந்தா நாம ஏன் இந்த ஓட்ட வீட்டுக்குள்ள கிடக்கிறம்? நீ மந்திரியாகியிருப்பாய், நான் உனக்கு ட்ரைவர்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எச்சில் வழிய வழியச் சிரித்தார். வாதம் வந்து விழுந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்ததே இல்லை. எனக்கு ஒரு பக்கம் சந்தோசம், மறுபக்கம் அந்த இரண்டு பேரையும் மவுஸ் வயரால் கட்டிப்போட வேண்டும்போல் ஆத்திரம். நான் நோயாளிக்கென்று உப்புப் புளி போடாமல் சமைத்திருக்கிறேன் மகன். மனிசன் சுகமில்லாமல் கிடக்கிறார், பாவம், ஒரு எறியும் வெறுமையாகப் போகக்கூடாது என்று நினைத்துச் செய்துவிட்டேன். அவருக்கோ வெறும் வலை வராத தண்ணீர் வாவியே இல்லை. வெறும் வலையை இழுத்து, உதறி, திட்டி, இடம் மாற்றி எறிவதுதான் அவருடைய தொழில். மீன் எப்போதாவது நடுவில் வந்துபோகிற ஒரு விருந்தாளி.

ஒரு கிழமை, முழுசாய் ஏழு நாள் எடுத்து மாற்றினேன். எஞ்சினிடம், "உன் இஷ்டம், என்ன வேண்டுமானாலும் கொடு" என்று சொல்லுகிற ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் பிடித்து, பெரும்பாலும் வெறும் வலையும், சிலநேரம் வலையில் சிக்குகிற ஆற்றுவாழைச் சல்லுக் குப்பையும், ஒரு பிளாஸ்டிக் போத்தலும், எப்போதாவது மீனும் வருகிற மாதிரிச் செய்தேன். கொடுவா மீன் ஒன்றையும் போட்டேன், அது மிக அரிதாகத்தான் வரும். மறுபடி கையைக் கட்டினேன். முதல் எறி வெறுமை. இரண்டாவதும் வெறுமை. மூன்றாவதாய்ப் போத்தல். அப்பா ஒரு தூசண வார்த்தை சொன்னார். நோய் வந்தபிறகு அவர் வாயிலிருந்து தெளிவாக, ஒரு எழுத்தும் குழையாமல் வந்த முதல் சொல் அது. எழுதிக் காட்ட முடியாது. நான் சாமிப்படத்துக்குப் பூ வைத்தேன்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டால் நல்ல கதை. எனக்கும் அங்கே நிறுத்த ஆசை. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம்வரைக்கும் எறிந்தார். சந்தோசமாகத்தான் எறிந்தார். ஆனால் மிஸ் வந்து பார்த்துவிட்டு, சீலைத் துண்டை அவிழ்த்தாள். கை மவுஸிலிருந்து வழுக்கித் தொங்கியது. அவர் தோளாலும் முதுகாலும்தான் வீசியிருக்கிறார். விரல்கள் ஒருநாளும் பிடிக்கவே இல்லை, என் சீலைதான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. விரலை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டு, "இனி வாறது கஷ்டம் அம்மா" என்றாள். நான் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. அடுத்தநாள் கடையிலிருந்து வழமைக்கு முந்தி வந்தேன். கதவடியில் நின்று பார்க்கிறேன். மவுஸை இடப்பக்கம் இழுத்து வைத்து, இடது கையால் எறிந்துகொண்டிருக்கிறார். வலது கை மடியில் படுத்திருக்கிறது. இடது கை நடுங்குகிறது, வலை கரையிலும் ஆகாயத்திலும் விழுகிறது. விடாமல் எறிகிறார். என்னைக் கண்டவுடன், களவு செய்து பிடிபட்ட ஆள் மாதிரி மவுஸை விட்டார்.

"என்ன செய்றீங்க?" என்றேன்.

"வலது போயிட்டு புள்ள" என்றார், ஒவ்வொரு சொல்லாக. "எனக்கு எப்பவோ தெரியும். இடது நடுங்காம இரிக்கோணும். அரிசி சிந்தும்."

எனக்கு முன்னமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் நம்பிக்கொண்டிருந்த காலம் முழுக்க, என் மனதுக்காக அந்தச் சீலைக்குள் கையைக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஆருக்கு ஆர் வைத்தியம் பார்த்தது என்று எனக்கு இப்போது விளங்கவில்லை. உனக்குக் கலியாணம் முடிந்தபிறகு தெரியும். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் ஒரே துக்கத்தை ஆளுக்கொரு அலுமாரியில் ஒளித்து வைத்துக்கொண்டு, மற்ற ஆளுக்குத் தெரியாதென்று நினைத்துச் சீவியம் நடத்துவது கெட்டித்தனம் இல்லை. என்னிடமிருந்து நீ வாயை எடுத்துக்கொண்டாய். அதை மூடுகிற நேரத்தில் மூடவும், பகிடியை வைத்து மூடாமல் இருக்கவும் தர்ஷினியிடம் பழகிக்கொள்.

இப்போது அவருடைய இடது கை பரவாயில்லை. நெஞ்சு உயரம் வரைக்கும் வரும், வலை இழுத்தே தேய்ந்த தோள் அதற்கு மேலே விடாது; பழக்கமில்லாத கை, கொஞ்சம் நடுங்கும். ஆனால் பிரச்சினை கையோடு நிற்கவில்லை. போன கிழமை உன் மாமி திரும்பவும் குடையோடு வந்தாள்.

"பீச்சாங்கையால புள்ளைக்கு அறுகரிசி போடுறதா மச்சாள்? அதுவும் ஒத்தக் கையால? முதல் முதல் நடக்கிற நல்ல காரியம். களுவாஞ்சிக்குடிச் சனம் என்ன சொல்லும்? பெரியண்ணன் போடட்டும். சின்னண்ணன் முன் வரிசையில வடிவா இரிக்கட்டும்."

"அவர் என்ன பூச்சாடியா, வடிவா இரிக்க?" என்றேன். ஆனால் அவள் போனபிறகு தர்ஷினியின் அம்மாவும் போன் எடுத்தா. மிகவும் மரியாதையாக, நாங்கள் பிழையாக நினைக்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லி, அதே கதையைத்தான் சொன்னா. பெரியப்பா நிற்கலாமே என்றா. எல்லாருக்கும் உன்மேல் அன்புதான் மகன். உன் சீவியத்தில் ஒரு குறையும் வந்துவிடக்கூடாது என்ற அன்பு.

நான் போனை வைக்கும்போது அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதன்பிறகு விளையாட்டைத் திறக்கவில்லை. கம்பியூட்டரைக் கடைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கால வீட்டில் வடிவான பொம்பிளை ஒருவரும் இல்லை, உனக்குத் தெரியும்தானே. ஒரு சுவரும் ஒரு முருங்கை மரமும்தான்.

நான் உன் மாமியோடு சண்டை பிடிக்கலாம், வெல்லவும் செய்வேன். உன் மாமியாரோடு நான் பிடிக்க முடியாது. நீ அந்த வீட்டில் குடியிருக்கப் போகிற பிள்ளை, என் வாயால் உனக்கு அங்கே ஒரு உப்புக் கிணறு தோண்டிவிட எனக்கு மனமில்லை. இது நீ சொல்லவேண்டிய சொல். பெரியப்பா போடட்டும் என்று நீ நினைத்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். அவரும் உன்னைத் தோளில் சுமந்தவர்தான். ஆனால் அதையும் நீயே அப்பாவுக்குச் சொல். என் வாயால் சொல்லமாட்டேன். அப்பாதான் போடவேண்டும் என்று நினைத்தால், இன்றைக்கே தர்ஷினியின் அம்மாவுக்குப் போன் எடு. விளக்கம் ஒன்றும் வேண்டாம், "அப்பா போடுவார் மாமி" என்று மட்டும் சொல். பிறகு அப்பாவுக்கு எடு. நான் போனை அவருக்கு முன்னால், நேராகப் பிடிப்பேன்.

அப்படி ஆனால், ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள். அந்தக் கை உன் தலைவரைக்கும் எட்டாது. மணவறையில் மற்ற ஆக்களுக்கு நிமிர்ந்து இருந்ததுபோல இருக்காதே. அவர் முன்னால் வந்து நின்றவுடன், வீடியோக்காரன் என்ன சொன்னாலும், நன்றாகக் குனி. தலைப்பாகை விழுந்தால் விழட்டும். அரிசியில் பாதி வரும் வழியிலேயே சிந்தும், மீதி உன் தலையில் விழாமல் காதிலும் கழுத்துப் பட்டிக்குள்ளும் போகும். குத்தும், கடிக்கும். தட்டிவிடாதே மகன். அவர் மெல்ல மெல்லத் திரும்பி நடந்து தன் கதிரையில் உட்காரும்வரைக்கும் அசையாமல் இரு.

அம்மா